ஜாலான் புசார் சபை வளர்ந்த விதம்

வெரோனிகா முப்பத்தோரு வருடம் ஊராரிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவர். ஏன் அந்தச் சோப்பை விட்டு இந்தச் சோப்புக்கு வந்தீர்கள், இந்த பிஸ்கட்டை வீட்டில் யார் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்பது மாதிரிக் கேள்விகள். சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றில் சேர்ந்த புதிதில் பேரங்காடி வாசல்களில் அட்டையும் பேனாவுமாக நின்றார். ஓய்வு பெறும்போது நாற்பது பேருக்கு மேற்பார்வையாளர். அவருக்கென்று ஒரு விதி உண்டு. எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் கேட்பவர் முகம் மாறக் கூடாது. மாறினால் அடுத்த கேள்விக்குப் பொய்தான் வரும்.

அந்த முகத்தை வீட்டிலும் பழகிவிட்டார் என்று அவர் கணவர் இயேசுதாசன் குறைப்பட்டுக்கொள்வார். இயேசுதாசன் பேருந்து ஓட்டியவர், சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

இருவரும் சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு தமிழ்ச் சபையைச் சேர்ந்தவர்கள். வெரோனிகா அங்கே பன்னிரண்டு வருடமாக வரவேற்புக் குழுவில் இருக்கிறார். ஞாயிறு காலை வாசலில் நின்று, வருகிறவர்களுக்குக் கைகொடுத்து, அன்றைய ஆராதனைத் தாளைத் தந்து, இடம் காட்டுவது அவர் வேலை. சபைக்கு வருகிற ஒவ்வொருவரையும் தனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

போன வருடம் ஒரு நாள் பாஸ்டர் கீத் அவரை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். கீத்துக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பொறுப்பேற்று இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

"அக்கா, ஒருகாலத்துல முந்நூறு பேர் வந்த சபை இது. போன ஞாயிறு நூத்திப் பதினெட்டு. மத்த சபையெல்லாம் வளருதே, எப்படி? கமிட்டியில ஆளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. மியூசிக் சரியில்ல, ஸ்கிரீன் இல்ல, கார் பார்க் இல்லைங்கறாங்க. எனக்கு கெஸ் வேணாம், ப்ராப்பரா ஒரு சர்வே வேணும். உங்களை விட்டா யாருக்கு அது தெரியும்?"

வெரோனிகாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் செலவான திறமை கடைசியில் கர்த்தருக்குப் பயன்படப்போகிறதே என்று அன்றிரவே கேள்விகளை எழுத உட்கார்ந்துவிட்டார். கேள்விகள் ஒன்பது. முதலாவது, இந்தச் சபைக்கு எப்படி வந்தீர்கள்? கடைசி, இதற்கு முன் எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்?

முதலில் போனது ஒரு பெரிய சபைக்கு. பேரங்காடி ஒன்றின் ஐந்தாவது மாடியில் அரங்கம். விமான நிலையம் போல மின்படிகள், வண்ண விளக்குகள், உள்ளே நான்காயிரம் இருக்கைகள். முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு மூன்று ஞாயிறுகள் அங்கே நின்று ஐம்பது பேரிடம் பேசினார். விளக்கும் பாட்டும்தான் ஆளை இழுக்கிறது என்பதுதான் அவர் எண்ணம். பதில்களைக் கூட்டிப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. ஐம்பது பேரில் நாற்பத்தொரு பேர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள், வேறு சபைகளிலிருந்து வந்தவர்கள்.

"இதுக்குப் பேரு வளர்ச்சியா? வீடு மாத்துறது லா!" என்றார் கணவரிடம்.

ஆனால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது அந்த எண் அல்ல. நாற்பத்தொன்றில் ஆறு பேர் கடைசிக் கேள்விக்கு அவருடைய சபையின் பெயரையே சொல்லியிருந்தார்கள். அதில் இரண்டு பேரை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. ஒருத்தி நான்கு மாதம் தொடர்ந்து வந்தாளாம், இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் உட்காருவாளாம். "வர்றதை நிறுத்தினேன். ஏன் வரலேன்னு ஒரு மெசேஜ்கூட வரல ஆன்ட்டி" என்றாள். வாசலில் பதினாறு வாரம் இவளுக்குக் கைகொடுத்திருக்கிறேனே என்று வெரோனிகா மனதைத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. முகம் மட்டும் மாறவில்லை.

அடுத்து அவர் பட்டியலில் இருந்தது ஜாலான் புசாரில் ஒரு தொழிலாளர் சபை. தமிழ்நாட்டிலிருந்து கட்டடம், கப்பல் பட்டறை வேலைகளுக்கு வந்தவர்கள் கூடுகிற இடம். ஏழே வருடத்தில் நூற்றெண்பது பேர் ஆகிவிட்டார்கள், இரண்டு வேளை ஆராதனை நடக்கிறது என்று பாஸ்டர் கீத்தான் விசாரித்துச் சொல்லியிருந்தார். வெரோனிகாவுக்கு அப்படி ஒரு சபை இருப்பதே அதுவரை தெரியாது.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அங்கே போனார். இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே ஒரு பழைய கட்டடம், மூன்றாம் மாடியில் வாடகைக் கூடம். படிக்கட்டு நெடுகச் செருப்பும் ஷூவும் இரண்டு வரிசையாக ஏறிப்போயின. மேலே விளக்கு அலங்காரமும் இல்லை, திரையும் இல்லை. ஒரே ஒரு மைக், அதுவும் கரகரத்தது. ஆனால் கூடம் நிரம்பி, வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள்.

ஆராதனை முடிந்து பன்னிரண்டு பேரிடம் பேசினார். கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்கிற ஒருவர் சொன்னார்: "வந்த மொத வாரமே நாற்காலி அடுக்கச் சொல்லிட்டாங்கக்கா. அடுத்த வாரம் நான் வரலைன்னா யாரு அடுக்குவா? அதான் வந்தேன். அப்படியே நின்னுட்டேன்."

இன்னொருவர் பிறப்பால் இந்து. கொரோனாவில் தொழிலாளர் விடுதியைப் பூட்டியபோது பன்னிரண்டு பேர் அறையில் ஏழு வாரம் அடைந்து கிடந்தவர். "ஞானம் அண்ணன் தெனம் ஒருக்கா போன் போடுவாரு. சாப்பிட்டியா, காய்ச்சல் இருக்கான்னு கேப்பாரு. சாமியைப் பத்திப் பேசவே இல்ல. கதவு தெறந்த பொறவு நானாத்தான் இங்க வந்தேன்."

பன்னிரண்டில் எட்டு பேர் இப்படிப் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள். வெரோனிகா எழுத எழுத வேகம் கூடியது. உண்மையான வளர்ச்சி என்றால் இதுதான், இதைத்தான் பாஸ்டரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

கடைசியாகச் சபையை நடத்துகிற ஞானதிரவியம் வந்து எதிரில் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கம், நாசரேத்துக்காரர். வார நாட்களில் கட்டடத் தளத்தில் பாரந்தூக்கி மேற்பார்வையாளர். பாஸ்டர் பட்டமெல்லாம் கிடையாது. எல்லாருக்கும் ஞானம் அண்ணன்.

"இந்தச் சபை எப்படி ஆரம்பிச்சுது பிரதர்?"

"அது ஒரு அம்மாவாலக்கா" என்று சிரித்தார். "நான் சிங்கப்பூர் வந்த புதுசு. ஊர்ல ஒரு ஞாயிறு தவறுனாலும் எங்க வீட்ல சோறு கெடையாது. இங்க எந்தக் கோயிலுக்குப் போகன்னு தெரியல. தோ பாயோவுல ஒரு தமிழ்ச் சபை இருக்குன்னு சொன்னாங்க. லாரியில வந்து எறங்கி நேரா போனேன். சைட்டு ஷூதான் காலுல. வாசல்ல ஒரு அம்மா நின்னாங்க. நல்ல அம்மாதான், சிரிச்ச மொகம். தம்பி, இங்க எல்லாம் ஃபேமிலியா உட்காருவாங்க, உங்களுக்குன்னு தனியா ஒரு இடம் இருக்கு, உங்க ஆளுங்களோட இருந்தா வசதியா இருக்கும்னு சொல்லி, அட்ரஸ் எழுதிக் குடுத்தாங்க. தண்ணி பாட்டிலும் குடுத்தாங்க."

வெரோனிகாவின் பேனா நின்றது.

"அட்ரசு இங்கனதான், கீழ ரெண்டு கடை தள்ளி. வந்து பாத்தா ஷட்டர் பூட்டிக் கெடக்கு. அங்க கூட்டம் நடந்தது வாஸ்தவந்தான், அதை நிறுத்தி எட்டு மாசம் ஆச்சுன்னு பக்கத்துக் கடைக்காரர் சொன்னாரு. சரி, அடுத்த வாரமாவது தெறப்பாங்கன்னு மறுபடி வந்தேன். அங்க இன்னொருத்தர் கையில இதே மாதிரி சீட்டோட நிக்காரு! அதுக்கடுத்த வாரம் இன்னும் ரெண்டு பேரு. எல்லாரையும் அந்த அம்மாதான் அனுப்பியிருக்காங்க. இப்படி ஆறு பேரு சேந்தோம். பூட்டுன ஷட்டருக்கு முன்னால, அஞ்சடி நடைபாதையில உக்காந்து ஒரு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணுனோம். பக்கத்துக் கடை பாய், ஒலி முகம்மதுன்னு பேரு, நாகூர்க்காரரு. மழை அடிச்ச அன்னைக்கு, ஏன்ப்பா நனையிறீங்க, மேல வந்து உக்காருங்கன்னு அவரு வீட்டு மாடியில எடம் குடுத்தாரு. அப்புறம் ஆளு கூடவும் முறைப்படி இந்தக் கூடத்துக்கு வந்துட்டோம். அந்த அம்மா மட்டும் அன்னைக்கு உள்ள விட்டிருந்தா, நான் பின் வரிசையில ஒரு ஆளா உக்காந்துட்டுப் போயிருப்பேன். இத்தனை பேரு ஏது?"

சொல்லிக்கொண்டே வேதாகமத்தின் உறைக்குள்ளிருந்து நெகிழித் தாளில் வைத்து ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். வெரோனிகா பார்த்தார். எண் ஏழின் நடுவே ஒரு சிறு கோடு. நம் தெருவிலேயே நீ ஒருத்திதான் ஏழுக்கு இடுப்புவார் கட்டுகிறாய் என்று இயேசுதாசன் கேலி செய்வாரே, அந்த ஏழு. சீட்டைத் திருப்பினார். பின்பக்கம் அச்சடித்த பாதிக் கேள்வி ஒன்று இருந்தது: வாரத்துக்கு எத்தனை முறை துணி துவைக்கிறீர்கள்? பழைய கேள்வித்தாள்களைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

முப்பத்தோரு வருடப் பழக்கம் அவரைக் காப்பாற்றியது. முகம் மாறவில்லை. "தேங்க்ஸ் பிரதர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கீழ்ப்படிக்கு வந்ததும் யாருடைய செருப்பின் மீதோ உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு எதுவும் நினைவில்லை. அதுதான் அவரை உலுக்கியது. ஞானதிரவியத்தின் முகம் நினைவில்லை, அந்த ஞாயிறு நினைவில்லை. எத்தனை சீட்டு எழுதினார் என்பதும் நினைவில்லை. இரக்கம் என்று நினைத்துச் செய்தது, காபி கலக்குவது போலச் செய்து மறந்துபோயிருந்தது. ஒரு முகவரி சரிதானா என்று இரண்டு முறை பார்க்காமல் ஆய்வுக்கு ஆளை அனுப்ப மாட்டார். கடவுளைத் தேடி வந்தவர்களை எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த கதவுக்கு அனுப்பியிருக்கிறார்.

வீட்டில் இயேசுதாசன் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லதுதானே நடந்திருக்கு? நீ அனுப்பலேன்னா அந்தச் சபையே இல்ல. கர்த்தர் சித்தம்மா."

"அவர் சித்தத்துக்கு என் கையெழுத்துதான் கிடைச்சுதா?" என்று வெரோனிகா கத்தினார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் மனைவி கத்தி இயேசுதாசன் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு வாரம் கழித்துக் கமிட்டி கூடியது. வெரோனிகா அறிக்கையைப் படித்தார். பெரிய சபையின் நாற்பத்தொரு பேரைச் சொன்னார், நாற்காலி அடுக்கியவரைச் சொன்னார், தினம் போன் வந்தவரைச் சொன்னார். கடைசிப் பக்கத்துக்கு வந்து, "அந்தச் சபை ஆரம்பிச்சதுக்குக் காரணம் நம்ம வாசல். அவங்களைத் திருப்பி அனுப்பினது நான்" என்றார். பாஸ்டர் கீத் கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.

ஆண்டு விழா மலருக்குப் பொறுப்பாளரான ஜெனிவீவ்தான் முதலில் பேசினார். சபையில் மூத்தவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை.

"நீ ஏன் உன் மேல மட்டும் போட்டுக்கிற வெரோனிகா? அப்போ அப்படித்தான் செய்யணும்னு நாங்கதானே வெல்கம் டீமுக்குச் சொன்னோம். வொர்க்கர்ஸுக்கும் அதான் கம்ஃபர்ட்டபிள்னு நினைச்சோம்." சற்று யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "ஒண்ணு செய்யலாமே. இங்க வந்தவங்களை நாம அங்க அனுப்பியிருக்கோம். அப்போ அது நம்ம ஊழியத்துல பிறந்த சபைதானே? மலர்ல நம்ம மிஷன்னு ஒரு பக்கம் போடலாம். அந்த நூத்தி எண்பதையும் சேர்த்தா நாம முந்நூறு!"

இரண்டு மூன்று தலைகள் ஆமென்று அசைந்தன. யாரும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வெரோனிகாவின் அந்த முகம், எந்தப் பதிலுக்கும் அசையாத முகம், எல்லார் முன்னாலும் உடைந்தது.

"அந்த மனுசங்களுக்கு உட்கார ஒரு நாற்காலி குடுக்கல நாம. இப்ப அவங்க தலையை எண்ணி நம்ம கணக்குல எழுதப்போறோமா? அந்தப் பக்கம் மலர்ல வந்துச்சுன்னா சீட்டோட போட்டோவையும் பக்கத்துல போடுங்க. என் பேரைப் போட்டே போடுங்க."

பாஸ்டர் கீத் கூட்டத்தை ஜெபத்தோடு முடித்தார்.

மறு ஞாயிறு வெரோனிகா ஜாலான் புசாருக்குப் போனார். கேள்வித்தாள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆராதனை முடியும்வரை வராந்தாவில் காத்திருந்து, ஞானதிரவியத்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"பிரதர், அந்தச் சீட்டு எழுதினது நான்தான்."

"தெரியும்க்கா" என்றார் ஞானதிரவியம். "நீங்க அன்னைக்குப் படியேறி வரும்போதே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்க கேள்வி கேக்க வந்தீங்க. நான் பதில் சொன்னேன். சீட்டையும் காட்டுனேன். மேற்கொண்டு பேச வேண்டியது நீங்கதானே?" குரலில் கோபம் இல்லை, ஆனால் அன்றைய சிரிப்பும் இல்லை. "கோவம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்க்கா. அன்னைக்கு ராத்திரி உங்களை நல்லா ஏசி வஞ்சிருக்கேன். ரெண்டு வருசம் கழிச்சுத்தான் அந்தக் கதையைச் சிரிச்சுச் சொல்ல வந்துச்சு. இன்னொண்ணு. அன்னைக்கு ஆறு பேருன்னு சொன்னேன்லா? ஏழு பேரு. ஒருத்தன் ஷட்டரைப் பாத்துட்டுத் திரும்பிப் போனவன்தான். அதுக்கப்புறம் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கல. அதிசயராஜ்னு பேரு. ஈசூன் பக்கம் பராமரிப்பு வேலை பாக்குதான்."

தன் ஆய்வில் எது குறை என்பது அப்போதுதான் வெரோனிகாவுக்கு உறைத்தது. சபையில் இருக்கிறவர்களை மட்டுமே கேட்டிருக்கிறார். வந்து, நின்று, திரும்பிப் போனவர்கள் எந்தக் கேள்வித்தாளிலும் வருவதில்லை. நாற்பது பேருக்கு மேற்பார்வை பார்த்தவருக்கு இது தோன்றவே இல்லை.

எண்ணை வாங்கிப் போன் செய்தார். அதிசயராஜ் முதலில் வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை, "சனிக்கிழமை அரை நாள் லீவு. வாங்க" என்றார். ஈசூன் அடுக்குமாடிகளுக்குக் கீழே ஒரு காப்பிக்கடையில் சந்தித்தார்கள். மெலிந்த மனிதர், காதோரம் நரை. தேநீர் வந்ததும் முதல் கேள்வி அவரே கேட்டார்.

"என்னைக் கோயிலுக்குக் கூப்பிட வந்தீங்களா?"

"இல்ல தம்பி. மன்னிப்புக் கேக்க வந்தேன். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுவீங்களா?"

அதிசயராஜ் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அன்னைக்கு ஊர்ல எங்கப்பாவை அடக்கம் பண்ணுனாங்க. லீவு கெடைக்கல. போன்ல பெட்டியைக் காட்டுனாங்க, நடுவுல லைன் போயிருச்சு. அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு கோயில்ல உக்காந்திருக்கணும்னு தோணுச்சு. அம்புட்டுத்தான். உங்க வாசல்ல நிக்கும்போது உள்ள பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க. எங்கப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு. நான் அதைக் கேட்டுக்கிட்டே நின்னேன். நீங்க சீட்டு எழுதிக்கிட்டு இருந்தீங்க."

வெரோனிகாவுக்கு அழுகை வரவில்லை. மன்னிப்பு என்று தயாரித்து வந்த நான்கு வாக்கியமும் எங்கோ போய்விட்டன.

"உங்க அப்பா பேரு என்ன?" என்று கடைசியில் கேட்டார்.

அதிசயராஜ் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். பெயரைச் சொன்னார், மாசில்லாமணி. பனையேறியவர், ஏழு பிள்ளைகள், கோயிலில் மணியடிப்பவர் என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் தேநீரை எடுத்துப் பார்த்தார், ஆறியிருந்தது. வெரோனிகா வேறு இரண்டு வாங்கி வந்தார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

மலர் ஜூன் மாதம் வந்தது. ஜாலான் புசார் சபை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பாஸ்டர் கீத் விடவில்லை. ஜெனிவீவ் சில மாதம் வெரோனிகாவிடம் பேசாமலிருந்து, பிறகு பேசினார். கமிட்டி கடைசியில் பெரிய திரை ஒன்றை வாங்கி மாட்டியது. கூட்டம் இன்னும் நூற்றிருபதைத் தாண்டவில்லை. பாஸ்டர் ஒரு ஞாயிறு ஜாலான் புசாருக்குப் போய் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க விரும்பினார். "அதையெல்லாம் ஒரு நிகழ்ச்சியா ஆக்க வேண்டாம் பாஸ்டர், சும்மா வந்து உக்காருங்க" என்றார் ஞானதிரவியம். கீத் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

வரவேற்புக் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று வெரோனிகா எழுதிக் கொடுத்ததை கீத் ஏற்கவில்லை. அதனால் இன்றும் வாசலில்தான் நிற்கிறார். புதிதாக வருகிறவரிடம் பெயரைக் கேட்டு, கூடவே நடந்து, தன் வரிசையிலேயே உட்கார வைக்கிறார். வாராவாரம் வராதவர்களின் பட்டியல் எடுத்துத் திங்கட்கிழமை போன் செய்கிறார். அதனால் ஆள் கூடுகிறதா என்று இயேசுதாசன் ஒருமுறை கேட்டதற்கு, "தெரியல. அதை எண்ணுறதை விட்டுட்டேன்" என்றார்.

அதிசயராஜ் எந்தச் சபைக்கும் போகவில்லை. வெரோனிகா கூப்பிடவும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, கணவனும் மனைவியும் ஈசூனுக்கு ரயிலேறுகிறார்கள். பனையேறிய மாசில்லாமணியைப் பற்றி இயேசுதாசன் கேட்கிற கேள்விகளுக்கு அளவே இல்லை. காப்பிக்கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரிக்கிறார். அதிசயராஜும் சில சமயம் கூடச் சிரிக்கிறார்.